ஆஞ்சநேயரை எந்தப் பக்கமாகச் சுற்றுவது

மலை ஓட்டம் என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயசாச்சு, முட்டி தேய்ந்துபோச்சு, அந்தக் கோபம் மட்டும் தேயவில்லை. கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஓடினவன் நான்தானே.

அறுபதுகளின் நடுவில், காலேஜில் எனக்கு அது கடைசி வருஷம். ஜில்லாவில் இருந்த காலேஜ்கள் எல்லாம் சேர்ந்து மார்கழியில் ஒரு மலை ஓட்டம் நடத்துவார்கள். திருவெறும்பூரைத் தாண்டி ஒரு பாறைக் குன்று. அடிவாரத்தில் கிளம்பி, உச்சியில் இருக்கிற சின்ன ஆஞ்சநேயர் சந்நிதியைச் சுற்றிவிட்டு வந்த வழியே இறங்க வேண்டும். முதலில் வருகிறவன் மட்டும் ஒரு கப்பை வாங்கிக்கொண்டு, மெட்ராஸில் நடக்கிற பெரிய பந்தயத்துக்குப் போவான். இரண்டாவதாக வருகிறவனுக்கு ஒரு சோப்பு டப்பா. முந்தின வருஷம் அந்த சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த மகானுபாவன் நான்.

அப்பா ஸ்ரீரங்கத்தில் ஸ்கூல் வாத்தியார். நான் ஓடுவது அவருக்குத் துளியும் பிடிக்காது. "அரை நிக்கரைப் போட்டுண்டு ஊர் சிரிக்க ஓடறது, அதுக்கு ஒரு காலேஜா?" என்பார். கடைசியில் ஒரு நாள் சாப்பிட உட்காரும்போது தீர்ப்பு சொன்னார்.

"இந்த ஒரு தடவைதான். மெட்ராஸ் போற மாதிரி ஜெயிச்சுட்டு வா, அப்புறம் நீ எத்தனை வருஷம் ஓடினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். இல்லேன்னா பேசாம வேலைக்கு அப்ளிகேஷன் போடு. நிக்கரை உங்கம்மா பானை இறக்கற கரித்துணியா வெச்சுக்கட்டும்."

சரி என்று தலையை ஆட்டினேன். அப்பா சொன்ன சொல் மாறுகிறவர் இல்லை. எனக்குப் பயமே அதுதான்.

ஸ்ரீரங்கத்தில் மலைக்கு எங்கே போவது? இரண்டு பக்கமும் ஆறு. அதனால் விடிவதற்கு முன்னால் எழுந்து கொள்ளிடத்து மணலில் ஓடினேன். மணலில் ஓடிப் பார்த்தவனுக்குத் தெரியும், ஒவ்வொரு அடிக்கும் பூமி காலைப் பிடித்துக் கெஞ்சும். என் வகுப்பில் ஜீயபுரத்துக்காரன் ஒருத்தன் இருந்தான். வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, தாட்டியான உடம்பு, தங்கமான மனசு. "மலையேறணும்னா மணல்ல பொரள்றானே, இவனை என்னன்னு சொல்றது?" என்று கான்டீனில் எல்லார் எதிரிலும் மானத்தை வாங்கினான். அவனும் அந்த ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருந்தான். ஆசையினால் இல்லை. ஓடினால் அட்டெண்டன்ஸைச் சரிபண்ணித் தருவதாக பி.டி. மாஸ்டர் சொல்லியிருந்தார்.

பந்தயத்தன்று வாடைக்காற்று என்றால் அப்படி ஒரு வாடைக்காற்று. குன்றில் பேருக்கு ஒரு மரம் கிடையாது. பாதைக்கு இரண்டு பக்கமும் பாறை தெரியாமல் ஆவாரஞ்செடியும் சுக்குநாறிப் புல்லும் மண்டிக் கிடந்தன. காற்று அடிக்கும்போது அத்தனையும் ஒரே பக்கமாகப் படுத்து எழுந்தன. எங்களுக்குப் பல் தந்தியடித்தது. பி.டி. மாஸ்டர் விசிலை எடுத்துக்கொண்டு, "மேலே சுண்ணாம்புத் தூள்ல அம்புக்குறி போட்டிருக்கேன். அது காட்டற பக்கமாச் சுத்திட்டு இறங்குங்க. கெமிஸ்ட்ரி லெக்சரர் கொடியோட நிப்பாரு" என்றார். சொன்னது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் பண்ணுகிறேன்.

பாதி மலை வரைக்கும் நான் நாலாவதாக இருந்தேன். அதற்கு மேல் மற்றவர்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, எனக்கு அப்போதுதான் சூடே பிடித்தது. கொள்ளிடத்து மணலில் இழுபட்ட காலுக்குக் கெட்டிப் பாறை கிடைத்தால் கேட்பானேன்! ஒவ்வொருத்தனாகத் தாண்டினேன். காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. போடா என்று நானும் தள்ளினேன். உச்சிக்கு வந்தபோது எனக்கு முன்னால் ஆஞ்சநேயரைத் தவிர ஒருத்தரும் இல்லை.

சுண்ணாம்பைத் தேடினேன். ஒரு பொட்டு இல்லை. காற்று வழித்துக்கொண்டு போயிருந்தது. கொடியையும் காணோம், கொடி பிடிக்கிறவரையும் காணோம். கால் நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து சந்நிதியைக் கண்டால் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் அதுவே திரும்பிவிட்டது. சுவாமியை வலது கைப்பக்கம் வைத்துப் பிரதட்சிணமாகச் சுற்றினேன். பின்னால் வந்தவர்களில் எல்லா மதத்துப் பையனும் இருந்தான். அவனவன் முன்னால் போகிறவன் முதுகைப் பார்த்துக்கொண்டு என் பின்னாலேயே சுற்றினான்.

சந்நிதிக்குப் பின்புறம், காற்றுக்கு மறைவாக, மஃப்ளரும் குல்லாவுமாகக் குந்தியிருந்தார் லெக்சரர். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் ஆட்டினார். வாய் திறந்து மூடியது. சத்தம் எதுவும் வரவில்லை. மனுஷர் நம்மை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டிவிட்டு இறங்கினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல!

கீழே முதலில் வந்தது நான்தான். அடுத்தவன் வருவதற்குள் ஒரு சோடா குடித்து முடித்துவிட்டேன். பையன்கள் தோளில் தூக்கினார்கள். மெட்ராஸுக்கு எந்த ரயிலில் போகலாம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. அப்புறம் மெதுவாக மலையிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருத்தர் லெக்சரர். இன்னொருத்தன் ஜீயபுரத்துக்காரன்.

"எல்லாரும் தப்பான பக்கமாச் சுத்திட்டாங்க" என்றார் லெக்சரர். "கத்தினேன், காத்துல ஒருத்தர் காதிலயும் விழலை. இவர் ஒருத்தர்தான் சரியாச் சுத்தினாரு."

அவன் எப்படிச் சரியாகச் சுற்றினான் தெரியுமா? முடியவில்லை என்று சந்நிதி வாசலில் உட்கார்ந்துவிட்டான். லெக்சரர் வந்து எழுப்பி, "இப்படிப் போப்பா" என்று கையைக் காட்டினார், போனான். அதுவும் நடந்து!

நான் பி.டி. மாஸ்டரிடம் பாய்ந்தேன். "சார், அம்புக்குறியே இல்லை சார்!"

"இல்லேன்னா நின்னு கேட்டிருக்கணும்."

முதலில் ஓடுகிறவன் நின்று விசாரிக்க வேண்டுமாம்! "சுவாமியை யாராவது இடமாச் சுத்துவாங்களா சார்?"

"ஓட்டம்னா இடது கை உள்பக்கம்தான்பா. உலகம் முழுக்க அதான் ரூல். எனக்கு அங்க இருந்தது ஒரு கம்பம் மாதிரி, அவ்வளவுதான்" என்றார். நெற்றியில் பளிச்சென்று விபூதி வைத்துக்கொண்டு சொன்னார். ஜீயபுரத்துக்காரன் பாவம், "சார், எனக்கு அட்டெண்டன்ஸ் போதும் சார், அவனையே அனுப்பிடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தான். ரூல் ரூல்தான் என்றுவிட்டார்.

வீட்டில் நடந்த கூத்து அதைவிடக் கொடுமை. அம்மா கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பெருமாளே! என் குழந்தையை அப்பிரதட்சிணமாச் சுத்தச் சொன்னாளாமே! கப்பு போனாப் போறதுன்னு வந்துட்டானே!" நான் அப்படி எதுவும் சொல்லவில்லை, கப்பு எனக்கு வேண்டும் என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? அக்காரவடிசல் பண்ணித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். போகிற வருகிறவர்கள் எல்லாம், "பேஷ், பிள்ளைன்னா இப்படின்னா இருக்கணும்" என்றார்கள். ஆத்திரத்தோடு சாப்பிட்டேன். ஆத்திரத்தோடு இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அப்பா எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தார். "நீ பண்ணினது சரிதான். அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை" என்றார். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "ஆனா மெட்ராஸ் போறது நீ இல்லையே?"

"இல்லைப்பா."

"அப்போ அப்ளிகேஷன் போட்டுடு" என்று விளக்கைத் தூண்டிவிட்டு, திருத்த வேண்டிய பேப்பர்களை எடுத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே புதுசாக வந்திருந்த தொழிற்சாலையில் குமாஸ்தா வேலைக்குப் போட்டேன். கிடைத்தும் தொலைத்தது.

தை மாசம் ஜீயபுரத்துக்காரன் மெட்ராஸ் போய்விட்டுத் திரும்பினான். அவனைப் பார்க்கவே கூடாது என்றுதான் இருந்தேன். காந்தி மார்க்கெட் வாசலில், வாழைத்தார் வண்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துவிட்டான்.

"கடைசிடா நான். எனக்கு முன்னாடி வந்தவன் முதுகே தெரியலை" என்று சிரித்தான்.

"அங்கே மலை ரொம்ப உசரமோ?"

சிரிப்பை நிறுத்திவிட்டான். வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான். "மலையே இல்லைடா. பீச்சுல ஓடவிட்டாங்க. முழுக்க மணல். வந்தவனெல்லாம் மலையேறிப் பழகினவன், ஒருத்தனுக்கும் கால் எழும்பலை. மொதல்ல வந்தவனே கடைசியில நடந்துதான் வந்தான். எனக்கு உன் நெனப்பாவே இருந்துச்சுடா."

பஸ் ஏறாமல் காவேரிப் பாலம் வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். அழுகை அழுகையாக வந்தது. வெட்கம் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அந்த நிக்கர் அப்போது என் கையில் வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா அடுப்பிலிருந்து வெண்கலப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். பானையின் கழுத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்த துணியில் என் நிக்கரின் நாடா தொங்கியது.

"அம்மா, அதைக் குடு" என்றேன்.

"இருடா, சுடறது" என்றாள் அம்மா. பானையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "உனக்கு எதுக்கு இது? அதான் ஓட்டமெல்லாம் முடிஞ்சாச்சே."