தமுக்கு அடித்துத் தொலைத்த காப்புரிமை

பிள்ளைகளே, காப்புரிமை என்றால் என்ன என்று நேற்று கேட்டீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு. அது உங்கள் தாய்மாமன் புண்ணியத்தில் வந்தது. புண்ணியம் என்பது மரியாதைக்குச் சொன்னது.

பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலம். பாகூர்ப் பக்கம் எங்களுக்குக் கரும்புத் தோட்டமும் சாறு பிழியும் ஆலையும் இருந்தன. மாடு சுற்ற, இரும்பு உருளைகள் சுழல, ஒருவர் உட்கார்ந்து கரும்பைக் கையால் கொடுக்க வேண்டும். உருளைக்குக் கரும்பும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான். உங்கள் மாமனின் வலக்கையில் இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின.

போன விரல்களின் கோபத்தில் அவர் ஒரு பலகைப் பெட்டி செய்தார். உருளைக்கு முன்னால் அதை மாட்டினால், அதன் சின்னக் கதவு கரும்பு தள்ளும்போது உள்பக்கமாகத் திறக்கும். கரும்பு போனதும் மூடிக்கொள்ளும். கை உள்ளே போகாது. இதைச் செய்து விற்கும் உரிமை தனக்கு மட்டுமே வேண்டும் என்று அவருக்கு ஆசை. பக்கத்து ஆலைக்காரன் எதைப் பார்த்தாலும் மறுநாளே செய்துவிடுவான் என்று பயம்.

இங்கேதான் மாமன் மூளையைப் பயன்படுத்தினார். நிலம் வாங்கினால் நாங்கள் என்ன செய்வோம்? ஊரைக் கூட்டி எல்லையைக் காட்டுவோம். எத்தனை பேர் பார்த்தார்களோ அத்தனை பேரும் சாட்சி. பெட்டிக்கும் அதையே செய்தார். தமுக்கு அடித்தார். பெட்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, வந்தவர்களையெல்லாம் கதவைத் தள்ளிப் பார்க்கச் சொன்னார். பக்கத்து ஆலைக்காரன் முன்வரிசையில் உட்கார்ந்து மூன்று முறை தள்ளிப் பார்த்தான். அவனுக்கு வெற்றிலை வேறு.

அடுத்த வாரம் புதுச்சேரியில் ஒரு வக்கீலிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். காப்புரிமை என்பது சர்க்காரோடு ஒரு பேரம். உன் யோசனையை ஒளிக்காமல் எழுதிப் படம் போட்டுக் கொடு. சில வருஷங்கள் வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று நான் தடுக்கிறேன் என்கிறது சர்க்கார். அப்புறம் அது எல்லாருக்கும் பொது. பொருளின் அழகுக்கும் வடிவத்துக்கும் தனியாக ஒரு காப்பு உண்டு. பெட்டி வேலை செய்யுமா என்பதற்கு மட்டும் சர்க்கார் பொறுப்பில்லையாம். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு வக்கீல், இதை இதுவரை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று கேட்டார்.

மாமன் நெஞ்சை நிமிர்த்தினார். "ஊரே பாத்துது ஐயா. தமுக்கு போட்டு கூப்டேன். எத்தினி சாட்சி வேணும் சொல்லுங்க."

வக்கீல் பேனாவை மூடினார். "ஊரே பாத்தாச்சுன்னா அது புதுசு இல்லப்பா. ஊரோடது."

இன்னொன்றும் சொன்னார். உரிமை கிடைத்திருந்தாலும் அது பிரெஞ்சு மண்ணில்தான் செல்லும். பக்கத்து ஆலையோ வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லையில் இருந்தது.

மாமன் வண்டியின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அது நல்ல பயணம்.

வாய்க்காலைத் தாண்டும்போது பக்கத்து ஆலையில் புதுப்பெட்டி தெரிந்தது. மாமன் குதித்து ஓடினார். அடிதடி ஆகும் என்று நானும் ஓடினேன். போய்ப் பார்த்தால், அந்தப் புத்திசாலி கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டியிருந்தான். கரும்பு தள்ளினால் திறக்கவில்லை. இடக்கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலக்கையால் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தான். முன்பு ஒரு கைக்குத்தான் ஆபத்து.

மாமன் மாட்டை நிறுத்தச் சொன்னார். கதவின் கீலைக் கழற்றினார்.

"இன்னாத்துக்குண்ணே கழட்டுற?" என்றான் அவன்.

"திருடுறதுதான் திருடுற, ஒழுங்கா பாத்து திருட மாட்டியாடா? மூணு வாட்டி தள்ளினியே, எந்தப் பக்கம் தொறந்துதுன்னு பாக்கலியா?"

கதவைத் திருப்பி மாட்டி, எட்டு விரல்களாலும் தள்ளிச் சோதித்தார். அந்தப் பருவம் முழுக்க எந்த ஆலையில் பெட்டியைப் பார்த்தாலும் இறங்கிப்போய், திட்டிக்கொண்டே சரிசெய்வதுதான் அவருக்கு வேலை. போன இடத்திலெல்லாம் கருப்பஞ்சாறு கொடுத்தார்கள். மறுக்காமல் குடித்தார். கூடப் போன பாவத்துக்கு நானும் குடித்தேன்.