அயோடினும் அம்மாவின் ஒரு சிட்டிகையும்

ஐசோடோப் என்ற வார்த்தையைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, மார்க் வாங்கியதோடு மறந்துவிட்டேன். ஒரே தனிமம், அணுவின் எடை மட்டும் வேறு. நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்ட இந்தச் சங்கதி, பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வரும் என்று யார் நினைத்தார்கள்?

என் தங்கைக்குத் தைராய்டில் புற்றுநோய். கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்து சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி செல்களைக் கொல்ல, கதிர்வீசும் அயோடினை மாத்திரையாகக் கொடுப்பதாக ஏற்பாடு. தைராய்டு செல்லுக்கு அயோடின் மேல் அப்படியொரு ஆசை, கண்டால் இழுத்துக்கொள்ளும். அந்த ஆசையை வைத்தே அதன் கதையை முடிப்பதுதான் வைத்தியம். அதற்கு முன்னால் செல்லைப் பட்டினி போட வேண்டும். கடல் மீன், பால், உப்பு எதுவும் கூடாது.

“கடையில விக்கிற உப்புலயும் அயோடின் இருக்குதுங்க, கல்லுப்பையும் நம்ப முடியாது. அதுவும் மருந்துல இருக்கறதும் ஒண்ணுதானுங்க, எடைதான் வேற. ஒடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உப்புல இருக்கறது போயி எடத்தப் புடிச்சுக்கிட்டா மருந்து உள்ள போகாது” என்றார் டாக்டர்.

எனக்குக் காலை நேரத்து எங்களூர் பஸ்தான் ஞாபகம் வந்தது. அது நிரம்பிவிட்டால் மந்திரியே வந்தாலும் ஏற முடியாது.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிபடவில்லை. எங்கள் சனத்தில் உப்பில்லாமல் ஆக்குவது செத்தவர்களுக்குப் படைக்கிற சோறு மட்டும்தான். “உசுரோட இருக்கற புள்ளைக்கு அந்தச் சோத்த எப்படிக் கண்ணு போடறது?” என்று என்னிடம் அழுதாள். நான் சத்தம் போட்டதும் சரி சரி என்று தலையாட்டினாள்.

வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசையில் மாட்டித் திணறி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சோதித்துப் பார்த்தால் தங்கையின் உடம்பு முழுக்க அயோடின். அவளுக்கென்று வரவழைத்த மருந்தையும் எடுத்து வைக்க முடியாது, எட்டே நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். சிகிச்சை தள்ளிப்போனது. அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“தெனம் ரசத்துல ஒரு சிட்டிகைதான் போட்டேன். சாமி சத்தியமா ஒரே ஒரு சிட்டிகை.”

தினமும் ஒரு சிட்டிகை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தங்கைதான் என் கையைப் பிடித்தாள். “விடுக்கா. அம்மாவ ஒண்ணும் சொல்லாத.”

இரண்டாம் முறை அம்மா உப்பைக் கையாலும் தொடவில்லை. தங்கை மாத்திரையை விழுங்கினாள். அவள் உடம்பே கதிர் வீசியதால் தனி அறையில் வைத்தார்கள், நாங்கள் போனில்தான் பேசினோம். அப்புறம் எடுத்த ஸ்கேனில் நோய் நுரையீரலுக்குப் போயிருப்பது தெரிந்தது. அங்கே இருந்த செல்கள் அயோடினைச் சீண்டவே இல்லை. முதல் தடவையே கொடுத்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா நம்பவில்லை. பாழாய்ப்போன என் மனசும் முழுசாக நம்பவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் தங்கை போய்விட்டாள்.

அவள் சாவை விடவும் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. பத்தியம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த மறுநாள் நடந்தது. இனி எதையும் தின்னலாம் என்று அம்மா அவளுக்குப் பிடித்த மத்தி மீன் குழம்பு வைத்தாள். அவள் பிசைந்து சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு சரியா இருக்குதா சாமி?”

“அளவா இருக்குதும்மா. இதுக்குத்தான் இத்தன நாளா ஏங்கிட்டுக் கெடந்தேன்.”

அம்மாவின் முகத்தில் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது. இன்னொரு கரண்டி ஊற்றினாள். தங்கை அதையும் தின்றுவிட்டுப் படுக்கப் போனாள்.

பிறகு அம்மா தன் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்ததுமே கை நின்றுவிட்டது. நானும் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். குழம்பில் உப்பே இல்லை. பயந்து பயந்து சமைத்துப் பழகிய கை மறந்திருக்கிறது. மாத்திரை சில பேருக்கு நாக்கின் ருசியைக் கெடுத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனக்கு அப்படி ஆனதைத் தங்கை எங்களிடம் மூச்சு விடவில்லை.

அம்மா அழவில்லை, உப்பையும் எடுக்கவில்லை. தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள்.