சம்பளத்தோடு நடப்பவன்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். மெஷினை விட்டு யார் எழுந்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஏனுங்க, வாக்கிங் வந்தீங்களா?” என்று கேட்டே உட்கார வைத்துவிடுவேன்.

டெய்லர் சரசு அக்கா ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில், பாதையில் கிடந்த, சைஸ் பிரித்துக் கட்டிய துணிக்கட்டுகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். கட்டு சரிந்தால் சைஸ் கலந்துவிடும். கடுப்பில் அவரிடமும் அதையே கேட்டேன்.

“ஆமாங்க, வாக்கிங்தானுங்க. மனசு சரியில்லீன்னு டாக்டருகிட்டப் போனனுங்க. மாத்திரையோட, தெனமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னாருங்க,” என்று சீட்டை நீட்டினார்.

“அதுக்கு இங்கதான் நடக்கோணுங்களா? ஊட்டுப் பக்கம் நடக்கலாமில்லீங்க?”

“விடியறதுக்குள்ள வேன் வந்துருது. இருட்டுனப்பறந்தான் ஊட்டுல உடுது. நான் எங்கீங்க நடக்கறது?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ‘நடக்கிற வழியில் கட்டுகளைப் போடச் சொன்னது எவன்?’ என்று கத்த வாயெடுத்தேன். சொன்னவன் நான்தான்.

ஒவ்வொன்றாகச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். அக்கா நடந்தார்.

நாளெல்லாம் லைன் லைனாகச் சுற்றிவிட்டு, கால் வலிக்கிறது என்று வீட்டில் தினமும் புலம்புகிறவன் நான். அவருக்கு மருந்தாக எழுதிக்கொடுத்தது, எனக்குச் சம்பளத்தோடு கிடைத்துக்கொண்டிருந்தது.