பெனிஸ்டனை அழவைத்த இசைத்தட்டு

செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் கயிறு, பெயின்ட், காய்கறி என்று கேட்டதையெல்லாம் ஏற்றிவிடுகிற கடை அவருடையது. வியாபாரத்தில் கறார் பேர்வழி. ஜாஸ் என்றால் மட்டும் ஏமாளி. கப்பல்காரன் எவனாவது பழைய ஜாஸ் இசைத்தட்டைக் கண்ணில் காட்டிவிட்டால் போதும், நல்ல கருப்பட்டியாகப் பொறுக்கிக் கொடுத்து அதை வாங்கிவிடுவார். கடையின் பின்னறையில் சரக்கைவிடத் தட்டுகள்தான் அதிகம் என்பது மகள் வேல்விழியின் புகார். பொய்ப்புகார் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பெனிஸ்டன் அந்த அறைக்கு வந்துவிடுவார். கப்பல்களைக் கரைக்கு இழுத்துவரும் டக் போட் ஓட்டுகிறவர். சின்ன வயதில் கோயில் பாட்டுக்குழுவில் நின்றவர் என்பதால் வயலின், பியானோ என்று மேற்கத்தியச் செவ்வியல்தான் அவருக்கு இசை, மற்றதெல்லாம் சத்தம். ஆளுக்கொரு தட்டு போடுவார்கள். தட்டு ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது. முடிந்தபிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

"மீன் ஏலத்துல காக்கா கத்துன மாதிரில்லா இருக்கு வேய். ஒவ்வொருத்தனும் அவன் இஷ்டத்துக்கு வாசிக்கான்" என்பார் பெனிஸ்டன்.

"உம்ம ஆளுக மட்டும் என்னவாம்? ஊரே சேந்து ஒரே காயிதத்தப் பாத்து வாசிக்கான். ஒருத்தனுக்காவது சொந்தமா ஒண்ணு தோணுதா?" என்பார் அண்ணாச்சி.

டீயும் மக்ரூனும் வந்தால்தான் சண்டை அடங்கும்.

பெனிஸ்டன் ஒத்துக்கொண்ட ஜாஸ் ஒன்றே ஒன்று. உறையில்லாத பெரிய தட்டு அது. ஒரு மாலுமி போகிற போக்கில் கொடுத்தது. நடுவிலுள்ள லேபிளில் இருந்த எழுத்து யாருக்கும் பிடிபடவில்லை, எண்கள்கூட அந்த எழுத்தில்தான் இருந்தன. தட்டைப் போட்டால் சாக்ஸபோன் மெதுவாக, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும்.

பெனிஸ்டனின் மனைவி இஞ்ஞாசியம்மாள் நோயில் கிடந்து இறந்தபிறகு மனுஷன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. அண்ணாச்சி நேரில் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து இந்தத் தட்டைத்தான் போட்டார். கல்லறைத் தோட்டத்தில்கூட அழாதவர் அன்றைக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் கடைசித் தட்டு அதுதான்.

"இது ஜாஸ் இல்ல வேய், செபம்" என்பார். அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

போன சனிக்கிழமை வேல்விழி விளையாட்டாக அந்த லேபிளை ஃபோனில் படம் பிடித்தாள். ஃபோன் அதைத் தமிழாக்கிக் காட்டியது. கல்யாண நடன இசை, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று.

"அப்பா, நீங்க இத என்ன வேகத்துல போடுதிய?"

பெரிய தட்டு முப்பத்துமூன்றில் சுற்றும், சின்னத் தட்டு நாற்பத்தைந்தில் சுற்றும் என்பதுதான் அண்ணாச்சி அறிந்த சட்டம். அதற்கு விலக்கும் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விசையை மாற்றிப் போட்டார். சாக்ஸபோன் துள்ளிக்கொண்டு ஓடியது. மேளம் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தது கைதட்டல்!

அண்ணாச்சி தட்டை நிறுத்தினார். ஒரு கல்யாண ஆட்டத்தைப் போட்டா அந்த மனுஷனை அழவிட்டோம்? சொன்னால் செபம் போய்விடும். அவர் பழையபடி வீட்டுக்குள் அடைந்துகொண்டால் யார் இழுத்து வருவது? சொல்லாமல் இருந்துவிடலாம்தான். ஆனால் தெரிந்துகொண்டே தப்பான வேகத்தில் போட்டுவிட்டு அவர் அழுவதை எதிரில் உட்கார்ந்து பார்க்க இவரால் ஆகாது.

மறுநாள் பெனிஸ்டன் வந்து உட்காருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"போடும், கேப்போம்" என்றார் பெனிஸ்டன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தட்டு துள்ளி ஓடி முடிந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு மக்ரூனை எடுத்தார், தின்ன மனம் வராமல் திரும்ப வைத்தார்.

"இஞ்ஞாசி எப்பிடி நடப்பான்னு ஞாவகம் இருக்கா வேய்?" என்று கேட்டார் பெனிஸ்டன்.

"மார்க்கெட்டுக்குப் போனாலும் ரயிலப் பிடிக்கப் போற மாதிரில்லா நடப்பாவ."

"அந்த நடைதான் இது. மெதுவா ஓடும்போது ஆஸ்பத்திரிக் கட்டில்தான் வேய் கண்ணுல நிக்கும். அவ நடை எனக்கு மறந்தே போச்சுன்னுல்லா நெனச்சிருந்தேன்." கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தார். "இன்னொரு தடவ போடும்."

அண்ணாச்சியின் கை விசைக்கு மேலே போய்த் தயங்கி நின்றது.

"நாப்பத்தஞ்சுலயே போடும். மெதுவா போறவங்களக் கண்டா அவளுக்கு ஆகாது."