உப்புப் போட்ட மோர்

பங்குனி வெயிலில் யார் கையிலாவது ஒரு டம்ளர் மோரைப் பார்த்தால் எனக்கு அத்தானின் கைதான் நினைவுக்கு வரும். அன்று அக்கா நீட்டிய டம்ளர் அவர் கையில் நிற்கவில்லை. மோர் வேட்டியில் சிந்தியது. இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். அப்போதும் டம்ளர் பல்லில் டக்டக்கென்று இடித்தது. உப்புப் போடாத மோர் அது. அவருடைய விரதத்துக்கென்று அக்கா தனியாகக் கடைந்து வைத்தது.

அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர். தச்சு வேலை. காரைக்குடியில் எங்கே நிலை, கதவு என்றாலும் அவர் முன்னால் போவார், நான் உளிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். ஆட்களிடம் பேசுவதெல்லாம் அவர்தான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. சில வருடங்களுக்கு முன் அவருக்கு மனம் நிலை தப்பியது. தூக்கம் போனது, பேச்சு ஓயவில்லை. பட்டப்பகலில் தன் வீட்டு வாசல் கதவையே கழற்றிப் போட்டுவிட்டு, "யானை நிமிர்ந்து வர்ற மாதிரி நிலை வைக்கப்போறேன் மாப்ளே" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா அழுதாள். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவரைப் பழையபடி ஆக்கியது. அந்த மாத்திரையால் தாகம் கூடியது, விரலில் ஒரு நடுக்கம் வந்தது. டாக்டரிடம் சொன்னதும் அளவைக் குறைத்தார். நடுக்கம் அடங்கி உளி பிடிக்க முடிந்தது. மற்றபடி நாங்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அக்கா மகளுக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். மாத்திரை வாங்கி வருவது நான். "யார்ட்டயும் மூச்சு விட்றாதடா தம்பி" என்பாள் அக்கா. என்னிடம் அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

உடம்பு தேறியதற்கு நன்றியாக அத்தான் மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார். காப்புக் கட்டினால் எங்கள் தெருவில் கறி, மீனோடு சிலர் உப்பையும் விடுவார்கள். அத்தானும் விட்டார். மாத்திரையை மட்டும் விடவில்லை. நேமத்தான்பட்டியில் ஒரு பழைய வீட்டுக்குக் கதவு மாட்டும் வேலை ஓடியது. நாளெல்லாம் வெயில், வியர்வை. தோள் வலிக்கிறது என்று மெடிக்கலில் தானாகவே வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். வயிறு போனது. வாந்தி வந்தது. பிறகு நாக்குக் குழறி, நடை தள்ளாடியது. எதிர்வீட்டுக்காரர், "காப்பக் கட்டிக்கிட்டுப் பகல்லயே ஊத்திட்டு வர்றாரு பாரு" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "வாய மூடுங்கப்பா, ஆத்தா இறங்கியிருக்கா" என்று வேப்பிலையோடு ஓடி வந்தார். பழைய நோய் திரும்பிவிட்டது என்றுதான் அக்கா பயந்தாள். புது மாத்திரை அட்டையைக் கொடுக்க வந்த நான், டம்ளர் பல்லில் இடித்ததைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா பார்த்தார். "வேற எதுக்காவது மாத்திரை சாப்பிடுறாரா?" என்று கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்கம்மா, விரதம் இருக்காரு, வெயிலு ஒத்துக்கல" என்றாள். அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. கட்டிலில் கிடந்த அத்தான் ஏதோ சொல்ல முயன்றார், சொல் வரவில்லை. ஆடிய கையைத் தூக்கி என் சட்டையைத் தொட்டார். நழுவியது. மறுபடி தொட்டார். அவர் விரல்கள் பைக்குள் நுழையத் தவித்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. நானே அட்டையை எடுத்து டாக்டரம்மாவின் கையில் வைத்தேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. "வலி மாத்திரை போட்டாரா? உப்பு சாப்பிடுறாரா?" என்று அடுத்தடுத்துக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள், அவருடைய மனநல டாக்டருக்குப் போன் போட்டார்கள். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் அந்த மாத்திரை வெளியேறாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகுமாம். சில வலி மாத்திரைகளும் அதையே செய்யுமாம். "நல்ல வேளை, காட்டுனீங்க. இது பழைய நோய் இல்ல. மருந்து மிஞ்சிப்போச்சு, இறக்கிடலாம்" என்றார் டாக்டரம்மா. பழைய நோய் இல்லை என்ற ஒரு வார்த்தைக்கு அக்கா அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். முன்பு அழுத அழுகை இல்லை அது.

நாக்குத் திரும்பியதும் அத்தான் முதலில் கேட்டது ஊறுகாய். அக்காவுக்குத்தான் மனம் ஆறவில்லை. "பால்குடம் நின்னு போச்சே, ஆத்தா கோவிச்சுக்கிருவாளோ" என்றாள். "உப்ப விடுன்னு ஆத்தாளா கேட்டா? நாமளாத்தானே விட்டோம்" என்றார் அவர். மனநல டாக்டர் சில நாள் நிறுத்தி வைத்திருந்து, குறைந்த அளவில் மாத்திரையை மறுபடி தொடங்கினார். உப்பைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், தலைவலி மாத்திரை என்றாலும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்றார். தேவகோட்டைக்கு அக்காவே போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "எங்க வீட்லயும் ஆளுக்கொரு மாத்திரை இருக்கு, நீங்க தேதியப் பாருங்க" என்றாராம் மாப்பிள்ளையின் அம்மா. கல்யாணத்துக்குக் கதவும் நிலையும் அத்தான் சீர்வரிசையாகச் செய்து கொடுத்தார்.

இப்போது ஒவ்வொரு பங்குனியிலும் பால்குடத்துக்குப் பதிலாக அவர் ரோட்டோரம் நீர்மோர்ப் பந்தல் போடுகிறார். புதுவயல் மில்லுக்குப் போகிற லாரிக்காரர்கள் நிறுத்திக் குடித்துவிட்டுப் போகிறார்கள். இந்த வருடம் கூட்டத்துக்கு நடுவே எனக்கு ஒரு டம்ளர் நீட்டினார். விரலில் அந்தச் சின்ன நடுக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. "உப்புப் பத்துதா மாப்ளே?" என்றார். என் சட்டைப் பையில் அவருக்காகக் காலையில் வாங்கிய மாத்திரை அட்டை இருந்தது, அதன் நுனி வெளியே தெரிந்தது. நான் உள்ளே தள்ளவில்லை. "பத்துது அத்தான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.