மேய்ச்சல் ஆட்டுக்கறி தேடிப் போனவர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவருடைய வேலை. தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் இல்லை. அவரும் மனைவியும், மாடியில் இரண்டு அறையும்தான் குடும்பம்.

மனைவிக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்தது. உடம்பு தேற நல்ல இறைச்சி கொடுங்கள் என்றார் டாக்டர். எந்தக் கறியை வாங்கிவந்தாலும் அவள் ஒரு வாய்க்குமேல் தொடவில்லை. மருந்து வாடை அடிக்கிறது என்றாள். அவளுக்கு அப்போது தண்ணீரே மருந்து வாடைதான். ஆனால் அவர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். ஊசி, தீவனம் என்று ஊதவைக்காமல், மேய்ந்து வளர்ந்த ஆடு, கோழி பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தார்.

'இயற்கை இறைச்சி' என்று பலகை மாட்டிய கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எங்கே வளர்ந்தது என்று கேட்டால் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. வழக்கமாக வாங்கும் கறிக்கடைக்காரர்தான் உடைத்துச் சொன்னார்.

"அண்ணே, எல்லாக் கடைக்கும் ஒரே வண்டியிலதான் வருது. பலகைதான் வேற வேற."

கண்ணாடி மாற்ற வந்த கால்நடை மருத்துவர் ஒருவர் கடைசியில் வழி காட்டினார். கல்குவாரிக்குப் பின்னால் ஒரு அம்மா ஆடு வளர்ப்பதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனார் கண்ணாடிக்காரர்.

ஆட்டுக்காரம்மா அதிகம் பேசுகிறவர் இல்லை. சுற்றிப் பாருங்கள் என்று விட்டுவிட்டார். நிலத்தைப் பகுதி பகுதியாக வலை கட்டிப் பிரித்து ஆடுகளை மேயவிட்டிருந்தார். ஒரு பக்கம் புல் கட்டையாவதற்குள் வலையைப் பிடுங்கி அடுத்த பக்கம் நடுவாராம். மருந்தே போடுவதில்லையா என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நோவு வந்தா போடாம எப்படி? போட்டா, அது உடம்பை விட்டுப் போற வரைக்கும் அந்த ஆட்டை விக்க மாட்டேன்."

அந்தப் பதிலில்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி படுத்தபடியே சிரித்தாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலை."

அங்கிருந்து வாங்கிவந்த கறியில் அன்றைக்கு வைத்த சூப்பை அவள் கிண்ணம் காலியாகும்வரை குடித்தாள். கறியின் ருசியா, அவர் அலைந்த அலைச்சலா, தெரியாது. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் போனார். அங்கே இருந்த ஒரு நொண்டிக் குட்டியைப் பற்றி அவர் சொல்லியிருந்தார்; அது நடக்கிறதா என்று மனைவி கேட்டனுப்புவாள். அக்கா எப்படி இருக்காங்க என்று அந்த அம்மா விசாரித்து, அவளுக்கென்று ஈரலைத் தனியாக எடுத்துவைப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததேயில்லை.

மழைக்காலத்தில் நோய் திரும்பியது. இரண்டாம் முறை அவள் எழுந்திருக்கவில்லை.

உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். கடையில் சாணைச் சக்கரத்தின் சத்தமாவது இருந்தது. வீட்டில் அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பாதி வழியில்தான் உறைத்தது. ஆனாலும் இறங்கவில்லை.

அக்கா எப்படி இருக்காங்க என்று ஆட்டுக்காரம்மா கேட்டார்.

"இருக்கா," என்றார்.

வாய் தவறி வந்ததா, மனசறிந்து வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. அந்த ஒரு இடத்தில் மட்டும் அவள் இன்னும் உயிரோடு இருந்தாள். அதற்காகவே வாராவாரம் போனார். வாங்கிவந்த கறி தனியாளுக்கு இறங்கவில்லை; ஃப்ரீசரில் திணித்தார். ஒருநாள் அதன் கதவு மூட மறுத்தது. முழங்காலால் அழுத்திப் பார்த்தார். முன்னால் அடைத்துக்கொண்டிருந்தவை எல்லாம் ஈரல் பொட்டலங்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த முறை ஆட்டுக்காரம்மா ஈரலைத் தாளில் மடிக்கும்போது தடுத்தார்.

"அது வேணாம்மா. அவ போயிட்டா. மழையப்பவே போயிட்டா. உங்ககிட்டதான் சொல்லாம இருந்துட்டேன்."

ஆட்டுக்காரம்மா பொட்டலத்தைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார். அந்த அம்மா திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. நிறுத்துவைத்த கறியை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைத் தள்ளிவைத்தார்.

"அப்ப உங்களுக்கு அரைக்கிலோ போதுமே."

துக்கம் கேட்க வந்தவர்கள் எத்தனையோ பேசியபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் அழுது முடிக்கும்வரை அந்த அம்மா ஆடுகள் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, வலையை மாற்ற வேண்டும், அந்தப் பக்கம் பிடிக்க ஆள் இல்லை என்றார். கண்ணாடிக்காரர் போய்ப் பிடித்தார்.

இப்போதும் போகிறார். ஈரமண்ணில் வலைக்கம்புகளைப் பிடுங்கி நடுகிறார். மழை, புல், குளம்பு நோய் தவிர இருவரும் வேறு எதுவும் பேசுவதில்லை. கறி வாங்க வருகிறவர்களைத் தவிர, அந்த அம்மாவுக்கென்று யாரும் வந்து அவர் பார்த்ததில்லை. அதைப்பற்றி அவரும் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அரைக்கிலோவைத் தானே சமைக்கிறார். உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால், மறுநாள் கடை திறக்கும்வரை பேச ஆள் இல்லை.