பாய்லர்காரர் விருந்துக்குப் போன ஞாயிறு

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் அவர் பாய்லர்காரர். இருபத்திரண்டு வருடமாக நெருப்போடுதான் அவருக்குக் குடித்தனம் என்று மனைவி கேலி பேசுவாள். நெருப்பின் சங்கதியெல்லாம் அத்துப்படி. முகத்துக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மட்டும் வராது.

அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதில் கெட்டிக்காரர். புதிதாகத் திறந்த பார்பெக்யூ ஓட்டலுக்குப் போய்வந்ததை ஒரு வாரமாகப் போனில் அளந்துகொண்டிருந்தார். மேசை நடுவிலேயே கரி நெருப்பாம், நாமே சுட்டுச் சாப்பிடலாமாம். "கொடுத்து வச்சவங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மனைவி வெங்காயம் நறுக்கப் போனாள். கத்தி பலகையில் விழுந்த வேகத்திலேயே பாய்லர்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

ஞாயிறு மதியம் இருவரும் போனார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தவர், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்கள் மாறவில்லை.

கம்பியில் குத்திய கறித்துண்டுகள் வந்தன. கரியோ சாம்பல் போர்த்திக்கொண்டு தூங்கியது. பத்து நிமிடத்தில் வெந்துவிடும் என்றார் பரிமாறுபவர். அரைமணி நேரம் திருப்பித் திருப்பிக் கை வலித்ததே தவிர, கறி வந்த நிறத்திலேயே இருந்தது. பாய்லர்காரருக்குப் பொறுக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்தார். காற்று போகும் வழியைத் தகரம் அடைத்துக்கொண்டிருந்தது.

"மூச்சு விட வழியில்லாம அடைச்சு வச்சிருக்காங்க, பாவம்" என்றபடி தகரத்தைத் தள்ளிவிட்டு, விலைப்பட்டியலாலேயே விசிறினார். நெருப்பு குபுகுபுவென்று பிடித்தது. மேலாளர் ஓடி வருவதற்குள் பக்கத்து மேசைக்காரர், "சார், எங்களுதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். விடுமுறை நாளில் நான்கு மேசைக்கு அடியில் புகுந்து எழுந்தார் மனிதர்.

நெருப்பு சரியானதும் கறியின் வண்டவாளம் வெளியே வந்தது. மென்றால் ரப்பராக இழுத்தது. உப்பு ஒரு துண்டில் கரித்தது, இன்னொன்றில் காணவே இல்லை. ரசீது வந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சேவைக் கட்டணம்னு போட்டிருக்காங்க. அது உங்களுக்குல்ல வரணும்?"

வீட்டுக்கு வந்ததும் தங்கையைப் போனில் கூப்பிட்டாள். சாப்பாடு பிரமாதம், கறி வாயில் வைத்ததும் கரைந்தது என்றாள். பாய்லர்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியானால் அடுத்த ஞாயிறு நாலு பேருமாகப் போகலாம் என்றாள் தங்கை. மனைவிக்கு முகம் செத்துவிட்டது. அவர் போனை வாங்கிக்கொண்டார்.

"அங்க வேணாம்மா. கறி செருப்புத் தோலு மாதிரி இருந்துச்சு. உங்கக்கா சும்மா சொல்றா."

மறுமுனையில் போன் கை மாறியது. பிறகு சகலையின் குரல் கேட்டது.

"அப்பாடா. எங்களுக்கும் அதே கதிதான், அண்ணே. அவ்வளவு காசைக் கொட்டிட்டு நல்லா இல்லேன்னு எப்படிச் சொல்றது? சொல்லிச் சொல்லி எனக்கே நல்லா இருந்த மாதிரி ஆகிப்போச்சு."

போட்டுக்கொடுத்ததற்காக மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு தங்கையையும் சகலையையும் வீட்டுக்கே சாப்பிட வரச் சொன்னாள். சோறு, கறிக்குழம்பு, ஒரு பொரியல், அவ்வளவுதான். வாயாடிச் சகலை தலை நிமிராமல் மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"அந்த ஓட்டலை ஒரு வாரம் புகழ்ந்தாரு. என் குழம்பைப் பத்தி ஒரு வார்த்தை வரலையே" என்று அடுப்படியில் அவள் குறைப்பட்டுக்கொண்டாள். பாய்லர்காரர் சிரித்துக்கொண்டே குழம்புச் சட்டியைக் கூடத்துக்கு எடுத்துப் போனார்.